வொல்கா நதியில் ஒரு வினாக்குறி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளர்ந்த எமக்கு ஆறு என்பது பெரும்பாலும் ஏட்டிலே படித்தறிந்த பொருள். மாரியிலே ஓடிக் கோடையிலே வற்றும் வழுக்கையாற்றைத் தவிர, எமது என்று சொல்லிக்கொள்ள இங்கு வேறோர் ஆறில்லை. கிணறும் குளமுமே எமது நீர்ச்செல்வம். ஆயினும் வொல்கா என்ற நதியின் பெயர் எமது வாசிகசாலைகளுக்குப் புதியதன்று. ராகுல சாங்கிருத்தியாயன் எழுதி, கண. முத்தையா தமிழாக்கிய 'வால்காவிலிருந்து கங்கை வரை' என்ற நூல் இங்கே கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. மாக்சிம் கோர்க்கியின் 'தாய்' நாவலைப் படித்தவர்களும் பலர். அந்த நாவலுக்குக் கருவாக அமைந்தது வொல்காவும் ஓக்காவும் கூடும் நிஸ்னி நொவ்கொரட் நகரத்தையடுத்த சொர்மோவோ தொழிலாளரின் வாழ்க்கையே. கோர்க்கி பிறந்ததும் அந்த நகரத்திலேதான்.

இன்று நாம் பேசவிருப்பது அந்த நதிவழியே பயணஞ் செய்த ஒரு முதிய தம்பதியரைப் பற்றி. 1932 ஆம் ஆண்டுக் கோடையிலே, 74 வயதுடைய மனைவியும் 73 ஐ எட்டிக்கொண்டிருந்த கணவரும் வொல்காவின் கைத்தொழில் நகரங்களைக் காணச் சென்றனர். மனைவியின் பெயர் பியாற்றிஸ் வெப். கணவர் சிட்னி வெப். பிரபுப் பட்டம் பெற்றபின் பாஸ்ஃபீல்ட் பிரபு. இரண்டு மாதமளவே நீடித்த பயணம் அது. அதன் விளைவாக எழுந்த நூலோ ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது.

இலண்டன் தம்பதியர் ரஷ்யாவுக்குப் போனதில் கொக்குவிலிலுள்ள நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்தப் பயணத்துக்குச் சற்று முன்னர்வரை, எமது நாட்டின் தலைவிதியை எழுதிய மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் அதே சிட்னி வெப் என்பதே விடை.

முதலில் இத்தம்பதியர் யார் என்று பார்ப்போம். 1892 இல் திருமணஞ் செய்துகொண்ட இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நூல்களே பிள்ளைகள். தொழிற்சங்க இயக்கத்தின் வரலாற்றை 1894 இலும், கைத்தொழில் சனநாயகம் பற்றிய பெருநூலை 1897 இலும் இருவரும் சேர்ந்து எழுதினர். 1895 இல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரி தோன்றுவதற்கும், 1913 இல் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' வார இதழ் தொடங்குவதற்கும் முன்னின்றனர். புரட்சியின்றிப் படிப்படியாகச் சமத்துவத்தை அடையலாம் என்ற ஃபேபியன் கொள்கையின் தூண்கள் இவர்கள்.

இவர்களுடைய நூலை மொழிபெயர்த்தவர்களும் ஒரு தம்பதியரே. சைபீரியாவிலே ஷுஷென்ஸ்கோயே என்ற கிராமத்தில் நாடுகடத்தப்பட்டிருந்த லெனின், 1898 இல் அங்கே வந்து சேர்ந்த க்ருப்ஸ்கயாவைத் திருமணஞ் செய்துகொண்டார். புதுமணத் தம்பதியர் செலவுக்குப் பணந்தேடிச் செய்த வேலை, வெப் தம்பதியரின் கைத்தொழில் சனநாயக நூலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின் வெப் தம்பதியர் ரஷ்யாவிலே அரச விருந்தினர்போல வரவேற்கப்பட்டமைக்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணம் எனலாம்.

இனி எமது கதைக்கு வருவோம். 1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் நால்வர் கொண்ட ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. 1928 சனவரியில் திரும்பிச் சென்றது. இதுவும் இரண்டு மாதப் பயணமே. அதே 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணத்திலே கூட்டங்களில் உரையாற்றிக்கொண்டிருந்தார். அதே மாதத்தில் சவகர்லால் நேருவும் கமலா நேருவும், தந்தை மோதிலாலுடனும் தங்கை கிருஷ்ணாவுடனும் மொஸ்கோ நகரிலே புரட்சியின் பத்தாண்டு நிறைவைக் காணச் சென்றிருந்தனர். நேரு குடும்பத்தினர் அங்கு தங்கியது நான்கு நாட்கள் மட்டுமே. அந்த அனுபவத்தை 1928 இல் நேரு நூலாக்கியபோது, இவை ஒழுங்கின்றித் தோன்றிய சில எண்ணப்பதிவுகள் என்று பொருள்படவே அதற்குத் தலைப்பிட்டார். நான்கு நாட் பயணிக்குத் தம் அளவு தெரிந்திருந்தது.

டொனமூர் அறிக்கை 1928 இல் வெளிவந்தது. 1929 இல் பிரித்தானியாவிலே தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது குடியேற்ற நாட்டு மந்திரியாகப் பொறுப்பேற்றவர் சிட்னி வெப். பிரபுக்கள் சபையில் இடம்பெறுவதற்காக அவர் பாஸ்ஃபீல்ட் பிரபு ஆனார். பியாற்றிஸ் அம்மையாரோ 'பாஸ்ஃபீல்ட் சீமாட்டி' என்று தம்மை அழைக்கவேண்டாமென்று மறுத்துவிட்டார். டொனமூர் குழுவில் இருந்த டிரமண்ட் ஷீல்ஸ் அந்த அமைச்சிலே உப மந்திரியாகப் பணியாற்றினார். 1929 டிசம்பரில் சட்ட நிரூபண சபையிலே 19 க்கு 17 என்ற இரண்டு வாக்குப் பெரும்பான்மையால் அந்த யாப்பு ஏற்கப்பட்டது.

சுயராச்சியம் தராத யாப்பு எமக்கு வேண்டாமென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்ததும், யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யாததும் வரலாறு. அந்த இயக்கத்தின் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக வீற்றிருந்தவர். ஆகவே பாஸ்ஃபீல்ட் பிரபுவின் பேனாவுக்கும் எமது ஊருக்கும் இடையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

1931 ஆகஸ்டிலே தொழிற்கட்சி அரசு கவிழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் பிரித்தானியாவை அழுத்திக்கொண்டிருந்தது. வேலையற்றோர் தொகை இலட்சக்கணக்கில் பெருகியது. தாம் நாற்பது ஆண்டுகள் நம்பிய படிப்படியான பாதை முட்டுச்சந்திலே முடிந்ததாக வெப் தம்பதியர் உணர்ந்தனர். அவ்வேளையில் வேலையின்மையே இல்லை என்று பறைசாற்றிய நாடு ஒன்று அவர்கள் கண்ணுக்குப் பட்டது. முதுமையிலே நம்பிக்கை தேடுபவரின் ஏக்கத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அந்த ஏக்கத்தோடுதான் 1932 மே மாதத்தில் அவர்கள் லெனின்கிராட்டுக்குக் கப்பலேறினர். அங்கிருந்து மொஸ்கோ, பின்னர் நிஸ்னி நொவ்கொரட், அதன்பின் நீராவிக் கப்பலில் வொல்கா வழியே ஸ்டாலின்கிராட் என்று பயணம் தொடர்ந்தது.

அவர்கள் கண்ட நகரங்கள் எத்தகையவை? நிஸ்னி நொவ்கொரட் 19 ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் மாபெரும் சந்தை நகரம். ஆண்டுதோறும் கூடிய சந்தைக்கு ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வணிகர் வந்தனர். 1932 சனவரியிலே அங்கு அமெரிக்க ஃபோர்ட் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் கட்டப்பட்ட மோட்டார் வாகனத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நகரத்துக்குக் கோர்க்கி என்ற பெயர் சூட்டப்பட்டது. 1990 இல் பழைய பெயர் மீண்டது.

ஸ்டாலின்கிராட், 1925 வரை சாரித்சின் என்று வழங்கிய ஆற்றுத்துறைமுகம். மரமும் தானியமும் மீனும் இறங்கியேறிய ஊர். 1930 சூனிலே அங்கு உழவு இயந்திரத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பேட் கான் வரைந்த திட்டம். அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரங்கள். கற்றுக்கொடுக்க வந்த அமெரிக்கத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர். ஆண்டொன்றுக்கு 50,000 உழவு இயந்திரங்கள் என்பது இலக்கு. நேற்றுவரை கலப்பை பிடித்த கிராமத்து இளைஞர் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றனர். முதல் மாதங்களில் உடைந்த கருவிகள் ஏராளம். ஆயினும் தொழிற்சாலை நிமிர்ந்தது. அந்நாளில் வெளிநாட்டு விருந்தினர்க்கு அந்நகரிலே பெருமையோடு காட்டப்பட்டது அத்தொழிற்சாலையே.

அதில் காட்டப்பட்டவை பொய்யல்ல என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். தொழிற்சாலை உண்மை. தாய்மார் வேலைக்குச் செல்லக் குழந்தைகளைப் பராமரித்த இல்லங்கள் உண்மை. எழுத்தறியாதோர்க்கான இரவுப் பள்ளிகள் உண்மை. வேலை தேடி வரிசையில் நின்ற இலண்டன் தொழிலாளியை நினைத்தபடி வந்தவர்களுக்கு, ஆள் போதாமல் திண்டாடும் தொழிற்சாலை வியப்பைத் தந்ததிலே வியப்பில்லை.

ஆனால், அந்த இயந்திரங்கள் எங்கே போயின, அவற்றுக்கு விலையாக எது கொடுக்கப்பட்டது என்ற கேள்வி ஆற்றங்கரையிலே நிற்பவர்க்குத் தோன்றாது. அதற்குக் கரையைவிட்டு உள்ளே, வயலுக்குப் போதல் வேண்டும்.

1929 இன் இறுதியிலிருந்து ரஷ்யக் குடியானவர் கூட்டுப்பண்ணைகளுக்குள் வலிந்து சேர்க்கப்பட்டனர். ஓரளவு வசதியுள்ளோர் 'குலாக்' என்று முத்திரை குத்தப்பட்டு, குடும்பம் குடும்பமாக நாடுகடத்தப்பட்டனர். கூட்டுப்பண்ணைக்குக் கொடுப்பதைவிடக் கொன்று தின்பது மேல் என்று பலர் மாடுகளை வெட்டினர். தீவனமின்றிக் குதிரைகள் மடிந்தன. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் குதிரைகளின் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. எருதும் பசளையும் இல்லாத வயல் என்னவாகும் என்பதைக் கோண்டாவில், இணுவில் தோட்டக்காரருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அழிந்த குதிரைகளின் இடத்தை நிரப்ப ஸ்டாலின்கிராட்டின் உழவு இயந்திரங்களால் உடனே இயலவில்லை. வந்த இயந்திரங்களும் கிராமத்தாரின் கைக்கு வரவில்லை. அரசின் இயந்திர நிலையங்கள் அவற்றை வைத்திருந்து, உழுது கொடுத்ததற்குக் கூலியாகத் தானியத்தையே அறவிட்டன. அதற்குமேல் அரசின் கட்டாயக் கொள்வனவு. வெளிநாட்டு இயந்திரங்களுக்குப் பணங்கட்டத் தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை.

வெப் தம்பதியர் நாடு திரும்பிச் சில நாட்களே கழிந்திருக்கும். 1932 ஆகஸ்ட் 7 ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. கூட்டுப்பண்ணை வயலிலிருந்து தானியம் எடுத்தவருக்கு மரணதண்டனை வரை விதிக்கலாம். மக்கள் இதனை 'ஐந்து கதிர்ச் சட்டம்' என்றழைத்தனர். 1933 சனவரியில், பசியால் ஊரைவிட்டு வெளியேறுவோரைத் தடுத்து நிறுத்துமாறு உக்ரேனிலும் குபானிலும் ஆணையிடப்பட்டது. அடுத்த மாதமே அந்த ஆணை கீழ் வொல்காப் பகுதிக்கும், அதாவது ஸ்டாலின்கிராட்டைச் சூழ்ந்த நாட்டுப்புறத்துக்கும் நீடிக்கப்பட்டது. அந்தப் பஞ்சத்திலே உக்ரேன், வட கோக்கேசியா, வொல்கா, கசாக்ஸ்தான் ஆகிய பகுதிகளில் மாண்டவர்கள் 55 இலட்சம் முதல் 70 இலட்சம் வரை என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. கதிர் விளைவித்தவனே கதிரின்றி மாண்டான்.

இந்தக் கதையைப் பியாற்றிஸ் அம்மையாருக்குச் சொல்ல வேறு எவரும் தேவைப்படவில்லை. அவருடைய குடும்பத்துக்குள்ளேயே ஆளிருந்தார். அம்மையாரின் சகோதரி மகள் கிற்றி. அவருடைய கணவர் மல்கம் மகரிட்ஜ். எமக்கு அண்மையிலுள்ள கேரளத்தின் ஆலுவாவிலே, யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியில் 1920 களின் நடுப்பகுதியில் ஆசிரியராக இருந்தவர் மல்கம். 1932 செப்டெம்பரில் இந்த இளந் தம்பதியரும் மொஸ்கோவுக்குச் சென்றனர். சோவியத் நாட்டிலேயே குடியேறிவிடலாம் என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. மல்கம் 'மான்செஸ்ரர் கார்டியன்' பத்திரிகைக்கு எழுதினார். வழிகாட்டியின்றிப் புகையிரதம் ஏறி உக்ரேனுக்கும் வட கோக்கேசியாவுக்கும் போனார். கண்டதை எழுதித் தணிக்கைக்குத் தப்ப இராசதந்திரத் தபாற்பையிலே அனுப்பினார். 1933 மார்ச் இறுதியிலே அவை பெயரின்றி வெளியாயின. அதே நாட்களில் கரத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞரும் உக்ரேனியக் கிராமங்களிலே கால்நடையாகத் திரிந்து கண்ட பசியை உலகுக்கு அறிவித்தார்.

பெரிய தாயாரும் பெரிய தந்தையும் ஒரு பக்கம். பெறாமகளும் மருமகனும் மறுபக்கம். ஒரே குடும்பம், ஒரே நாடு, ஒரே ஆண்டு. கண்டவை மட்டும் வேறு. அம்மையாரின் மனம் கலங்காமல் இல்லை. ஆயினும் மல்கத்தின் எழுத்தை வெறுப்பின் விளைவென்று ஒதுக்கிவிட்டு, தம் நூலை எழுதி முடித்தார்.

1935 இல் அந்த நூல் வெளிவந்தது. தலைப்பு: 'சோவியத் கம்யூனிசம்: ஒரு புதிய நாகரிகமா?' வினாக்குறியுடன். 1932 இல் பஞ்சம் நிலவியதா என்ற கேள்விக்கு அதில் ஒரு தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டது. விளைச்சல் குறைந்தது, குடியானவர் ஒத்துழைக்க மறுத்தனர், பஞ்சம் என்று சொல்வது மிகை என்பதே அதன் சாரம். 1937 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. மொஸ்கோ வழக்குகளும் கைதுகளும் உச்சமடைந்த ஆண்டு அது. அந்தப் பதிப்பின் தலைப்பிலே வினாக்குறி நீக்கப்பட்டது!

தமிழ் கற்பிப்போர்க்கு இந்த இடம் சிந்தனைக்குரியது. எமது ஏட்டுச்சுவடிகளிலே நிறுத்தக்குறிகள் இருந்ததில்லை. அச்சுக்கலையோடு வந்த அவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகப் பயன்படுத்திக் காட்டிய பெருமை நல்லூர் ஆறுமுகநாவலரைச் சாரும். நன்னூலார் வினாவை ஆறு வகையாக வகுத்தார். அறிந்துகொண்டே கேட்பது அறிவினா. அறியாமல் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. வெப் தம்பதியரின் முதற்பதிப்பில் இருந்தது ஐய வினா என்று நாம் நம்பலாம். ஐயம் நீங்குவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, உண்மையைக் கண்டறிதல். மற்றையது, கேட்பதை நிறுத்திவிடுதல். அவர்கள் இரண்டாவது வழியிலே போயினர்.

இத்தகைய பேரறிஞர்கள் ஏன் தவறினர்? இரண்டு மாதம் போதாது என்பது முழு விடையாகாது. டொனமூர் குழுவினரும் இரண்டு மாதமே இங்கிருந்தனர். அவர்கள் அளித்தவற்றுள் ஒன்று சர்வசன வாக்குரிமை. சேர். பொன்னம்பலம் இராமநாதன் போன்ற எமது பெருந்தலைவர்களே அதனை எதிர்த்தனர். சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்டவர்க்கு வாக்கா என்று முகஞ்சுழித்தோர் இம்மண்ணிலும் பலர். பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்தவர் காண மறுத்ததை இரண்டு மாத விருந்தினர் கண்டனர்.

வேறுபாடு நாட்களின் தொகையில் இல்லை. எவருடைய குரல் அவர்களின் செவிக்கு எட்டியது என்பதிலே இருக்கிறது. டொனமூர் குழுவின் முன் பலதரப்பட்டோர் வந்து சாட்சியமளித்தனர். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க எல்லோர்க்கும் வாக்குரிமை கேட்டார். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் வந்த அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே, ஆகவே வேண்டும் என்று அவர் தயங்காமல் சொன்னார். சொன்னவர்கள் அச்சமின்றி வீடு திரும்பினர். வொல்காக் கரையிலே ஒரு குடியானவன், மொழிபெயர்ப்பாளரின் முன்னிலையில், எங்கள் தானியத்தைப் பறித்துவிட்டார்கள் என்று வெப் தம்பதியரிடம் சொல்லியிருந்தால் அவன் அன்றிரவு வீட்டிலே உறங்கியிருப்பானா? யாப்பும் சட்டமும் புள்ளிவிபரமும் ஆராய்வதிலே வல்லவர்கள் வெப் தம்பதியர். ஆவணமே பொய் சொல்லும் நாட்டில், ஆவண வல்லமையே அவர்களின் கண்ணை மறைத்தது.

இதே குறை எமது விடயத்திலும் தலைகாட்டியதைச் சொல்லாமல் விடலாகாது. ஐந்தாண்டு வதிவு போதும் என்று டொனமூர் குழு சொன்னதைச் சட்ட நிரூபண சபையின் சிங்கள உறுப்பினர் எதிர்த்தனர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையை இறுக்கும் நிபந்தனைகளைத் தேசாதிபதி ஸ்டான்லி முன்வைத்தார். இலண்டனிலிருந்த பாஸ்ஃபீல்ட் பிரபு அவற்றை ஏற்றுக்கொண்டார். தேயிலை பறித்தவளின் கருத்தை எவரும் அவருக்கு அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை. பெயரளவில் சர்வசன வாக்குரிமை, நடைமுறையில் ஒரு சாரார்க்கு வேலி. 1948 இல் குடியுரிமையே பறிபோனபோது அந்த வேலி மதிலாயிற்று. வொல்காவின் கோதுமை விளைவித்தவனும் மலைநாட்டின் தேயிலை பறித்தவளும் ஒரே மேசையிலே, ஒரே கையினால், கணக்கிலெடுக்கப்படாமற் போயினர் என்பதை வரலாறு எமக்குக் காட்டுகின்றது.

ஸ்டாலின்கிராட்டின் கதை அதோடு முடியவில்லை. 1942 ஆகஸ்டில் கிட்லரின் படைகள் அந்நகரத்தை எட்டின. உழவு இயந்திரம் செய்த அதே தொழிற்சாலை அப்போது தாங்கிகளைச் செய்துகொண்டிருந்தது. அதன் கூடங்களுக்குள்ளேயே போர் நடந்தது. 1943 பெப்ரவரி 2 இல் செருமானியரின் ஆறாவது படை முற்றாகச் சரணடைந்தது. இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனை அந்த ஆற்றங்கரை நகரம். அதே ஆண்டு ஏப்ரல் 30 இல் பியாற்றிஸ் காலமானார். 1947 இல் சிட்னியும் மறைந்தார். நகரம் 1961 இல் வொல்கோகிராட் எனப் பெயர் மாறியது. பஞ்சம் பற்றிய உண்மையைச் சோவியத் அரசு 1980 களின் பிற்பகுதி வரை தன் மக்களுக்குச் சொல்லவில்லை.

தொழிற்சாலையும் உண்மை, பஞ்சமும் உண்மை. அந்த நகர மக்களின் வீரமும் உண்மை, அவர்களுக்கு உணவளித்த கிராமங்களின் சாவும் உண்மை. ஒன்றைக்கொண்டு மற்றதை மூடுவது வரலாறாகாது.

எமது மண்ணுக்கும் விருந்தினர் வந்தவண்ணமே உள்ளனர். இரண்டு நாட்கள் தங்குகின்றனர். கச்சேரியிலே ஒரு சந்திப்பு, விடுதியிலே ஒரு விருந்து, சில புகைப்படங்கள். பிறகு எங்களைப் பற்றி அறிக்கை ஒன்று வெளிவருகின்றது. அவர்களைக் குறை கூறுமுன், நாமும் பிறர் ஊருக்குச் சென்று அப்படித்தான் திரும்புகின்றோம் என்பதை நினைத்தல் நன்று. குறுகிய பயணம் குற்றமன்று. யாரைக் கேட்டோம், யார் வாய்திறக்க முடியாமல் நின்றனர் என்று எழுதி வைத்துவிட்டு, தலைப்பின் ஈற்றிலே அந்தச் சின்னஞ்சிறு வினாக்குறியையும் அழியாமல் விட்டுவைத்தாற் போதும்.